மீண்டும் வந்த மார்பகப் புற்றுநோய்: கதிரின் வேலையும் நம்பிக்கையின் வேலையும்

மார்பகப் புற்றுநோய் முதல் முறை வரும்போது சுற்றியிருப்பவர்கள் சொல்லும் ஆறுதலில் ஒரு தெளிவு இருக்கும். ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டோம், முறையாக வைத்தியம் பார்த்தால் குணமாகிவிடும் என்பார்கள். பெரும்பாலான பெண்களுக்கு அது உண்மையாகவும் அமைகிறது. அறுவை சிகிச்சை, கீமோ, ‘கரண்ட் வைப்பது’ என்று நம் மக்கள் சொல்லும் கதிர்வீச்சு, பல ஆண்டுகள் நீளும் ஹார்மோன் மாத்திரை எல்லாவற்றையும் முடித்து, முடி வளர்ந்து, வேலைக்குத் திரும்பி, குழந்தைகளின் படிப்பைப் பற்றிக் கவலைப்படும் சாதாரண வாழ்க்கைக்கு வந்த ஒருவரிடம் நோய் திரும்பியிருக்கிறது என்று சொல்லும்போது, அந்தப் பழைய ஆறுதல் உதவுவதில்லை. எல்லாவற்றையும் சரியாகத்தானே செய்தேன், பிறகு ஏன் என்ற கேள்வி எழுகிறது. அது மருத்துவரை நோக்கியும் எழுகிறது, கடவுளை நோக்கியும் எழுகிறது.

2022ஆம் ஆண்டுக்கான உலகப் புற்றுநோய் மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஓராண்டில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் கண்டறியப்படுகிறது. ஏறத்தாழ 98,000 பேர் அதனால் இறக்கிறார்கள். இறப்பவர்களில் மிகப் பலர் நோய் திரும்பியவர்கள் அல்லது பரவிய பின் வந்தவர்கள். ஆனாலும் விழிப்புணர்வுப் பேச்சுகளில் பெரும்பகுதி முதல் கட்டியைக் கண்டுபிடிப்பதோடு முடிந்துவிடுகிறது. இரண்டாம் முறை நோயைச் சந்திக்கும் பெண்ணுக்கு என்ன வழி இருக்கிறது என்பது குறைவாகவே பேசப்படுகிறது.

அந்தப் பெண்ணிடம் இரண்டு பக்கங்களிலிருந்து வாக்குறுதிகள் வருகின்றன. ஒரு பக்கம் குறிபார்த்துச் செலுத்தும் நவீனக் கதிர்வீச்சு; மறுபக்கம் பிரார்த்தனை, நேர்த்திக்கடன், ஜெபம். இரண்டும் அவருக்குத் தேவை என்றே நான் கருதுகிறேன். ஒன்றின் வேலையை மற்றொன்றிடம் ஒப்படைக்கும்போதுதான் கேடு வருகிறது. கட்டியைக் கரைக்கும் பொறுப்பைப் பிரார்த்தனையின் மேல் சுமத்துவதும், வாழ்வுக்குப் பொருள் சொல்லும் பொறுப்பைக் கருவியின் மேல் சுமத்துவதும் நோயாளியைக் கைவிடுவதில் முடிகின்றன. இந்த இரண்டைப் பற்றியும் ஆய்வுகள் என்ன காட்டியிருக்கின்றன என்பதைத் தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

திரும்பி வருவது எப்படி

முதல் சிகிச்சையின்போதே கட்டியிலிருந்து பிரிந்த சில செல்கள் உடலில் எங்கோ தங்கியிருக்கலாம். எலும்பு மஜ்ஜை போன்ற இடங்களில் அவை பெருகாமல், எந்த ஸ்கேனிலும் தெரியாமல், ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். பிறகு ஏதோ ஒரு காலத்தில் மீண்டும் பெருகத் தொடங்கும். நோயாளி சாப்பிட்டதாலோ, கவலைப்பட்டதாலோ, கோயிலுக்கு வேண்டியதை மறந்ததாலோ இது நடப்பதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நோய் திரும்பிய பெண்கள் பலர் தங்களையே குற்றவாளியாக்கிக்கொள்கிறார்கள்.

மறுவருகை மூன்று வகைப்படும். அறுவை செய்த அதே மார்பகத்திலோ, மார்பகத்தை முழுதும் எடுத்திருந்தால் மார்புச் சுவரின் தோலிலோ வருவது முதல் வகை. அக்குள், காறை எலும்புக்கு மேல், மார்பெலும்புக்கு உட்புறம் ஆகிய இடங்களின் நிணநீர் முடிச்சுகளில் வருவது இரண்டாம் வகை. எலும்பு, நுரையீரல், கல்லீரல், மூளை என்று தொலைவில் வருவது மூன்றாம் வகை. முதல் இரண்டிலும் முழுக் குணம் என்ற இலக்கு இன்னும் சாத்தியம். மூன்றாவதில் பெரும்பாலும் நோயைக் கட்டுக்குள் வைத்து, நல்ல வாழ்நாளை நீட்டுவதே இலக்கு.

எப்போது வரும் என்பது கட்டியின் குணத்தைப் பொறுத்தது. இரு ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்-2 ஏற்பியும் ஆகிய மூன்றும் இல்லாத, ‘டிரிபிள் நெகட்டிவ்’ எனப்படும் வகை திரும்புவதானால் பெரும்பாலும் முதல் சில ஆண்டுகளுக்குள் திரும்பிவிடும். ஹார்மோன் ஏற்பி உள்ள வகை பொறுமையானது. அவ்வகை நோயுள்ள 62,923 பெண்களின் தகவல்களைத் தொகுத்து 2017இல் வெளியான ஆய்வு, ஐந்தாண்டு ஹார்மோன் சிகிச்சையை நோயின்றி முடித்தவர்களிடமும் இருபதாம் ஆண்டு வரை நோய் சீராகத் திரும்பிக்கொண்டே இருப்பதைக் காட்டியது. முதல் கட்டி சிறியதாக இருந்து, நிணநீர் முடிச்சுகளில் பரவாமல் இருந்தவர்களுக்கே தொலைவில் பரவும் வாய்ப்பு ஐந்தாம் ஆண்டுக்கும் இருபதாம் ஆண்டுக்கும் இடையே 13 சதவீதம். கட்டி பெரியதாகவும், நான்கு முதல் ஒன்பது முடிச்சுகளில் நோய் பரவியும் இருந்தால் 41 சதவீதம். ஐந்து வருடம் தாண்டிவிட்டால் பயமில்லை என்று ஊரில் சொல்வது எல்லா வகைக்கும் பொருந்தாது.

எனவே தழும்பின் மேல் புதிய சிறு முடிச்சு, மார்புத் தோலில் ஆறாத சிவப்பு, அக்குளில் நெறி, கை திடீரென வீங்குதல், வாரக்கணக்கில் விடாத முதுகுவலி, வறட்டு இருமல், இதுவரை இல்லாத தலைவலி ஆகியவற்றை வயதின் மேலோ வேலைக்களைப்பின் மேலோ பழிபோட்டுத் தள்ளிவைக்கக் கூடாது.

இலக்கு எது என்று கேட்பது

நோய் திரும்பியதாகச் சந்தேகம் எழுந்தால், முடிந்த இடத்தில் எல்லாம் மறுபடி ஊசி வைத்துத் திசு எடுத்துச் சோதிக்க வேண்டும். ‘ஏற்கெனவே கேன்சர்தான், இன்னொரு பயாப்ஸி எதற்கு’ என்று குடும்பத்தார் தயங்குவது இயல்பு. ஆனால் திரும்பி வந்த நோய் பழைய நோயின் குணத்தோடுதான் வரும் என்று உறுதியில்லை. ஹார்மோன் ஏற்பி மறைந்திருக்கலாம். ஹெர்-2 புதிதாகத் தோன்றியிருக்கலாம். அதைப் பொறுத்து மருந்தே மாறும். ஹெர்-2 உள்ளவர்களுக்கு டிராஸ்டுசுமாப் போன்ற மருந்துகள் உண்டு. ஹார்மோன் வகைக்குப் பால்போசிக்ளிப், ரைபோசிக்ளிப் போன்ற மாத்திரைகள் உண்டு. 2023 ஜனவரியில் பால்போசிக்ளிபின் காப்புரிமை இந்தியாவில் முடிந்தபின் உள்நாட்டுத் தயாரிப்புகள் வந்து விலை பெரிதும் இறங்கியிருக்கிறது.

சோதனை முடிவுகள் வந்தபின் மருத்துவரிடம் நோயாளி கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்தச் சிகிச்சையின் நோக்கம் என்ன என்பது. குணப்படுத்துவதா, கட்டுப்படுத்துவதா, வலியைத் தணிப்பதா? மூன்றும் மதிப்புள்ள நோக்கங்கள். எது என்று தெரியாமல் சிகிச்சைக்குப் படுத்தால், வலி தணிவதற்காகக் கொடுத்த கதிரை நோய் தீர்வதற்காகக் கொடுத்ததாக எண்ணி ஏமாற நேரிடும். பிரார்த்தனையும் எதற்காக என்று தெரியாமல் தவிக்கும்.

கதிர் குறிபார்க்கக் கற்ற வரலாறு

ராண்ட்ஜன் 1895 நவம்பரில் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். 1896 ஜனவரியிலேயே சிகாகோவில் மார்பகப் புற்றுநோய் திரும்பிய ஒரு பெண்ணுக்கு அக்கதிர்களைச் செலுத்தியதாக எமில் குரூப் என்பவர் பின்னாளில் எழுதினார். அவர் கூற்றை எல்லா வரலாற்றாசிரியர்களும் ஏற்பதில்லை. ஆனாலும் கதிர் மருத்துவத்தின் தொடக்கக் கதையிலேயே மார்பகப் புற்றுநோயின் மறுவருகை இடம்பெற்றிருக்கிறது. 1920களில் லண்டனில் ஜெஃப்ரி கெய்ன்ஸ் என்ற அறுவை நிபுணர், மார்பகத்தை முழுதும் வெட்டியெடுப்பதே வழி என்றிருந்த காலத்தில், ரேடியம் ஊசிகளைத் திசுவுக்குள் வைத்து மார்பகத்தைக் காக்க முயன்றார். அம்முயற்சிக்கு அறிவியல் நிரூபணம் அரை நூற்றாண்டுக்குப் பிறகே கிடைத்தது. அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர் நடத்திய ஆய்வின் இருபதாண்டு முடிவுகள், கட்டியை மட்டும் எடுத்தவர்களில் 39 சதவீதத்தினருக்கு அதே மார்பகத்தில் நோய் திரும்பியதையும், கதிர் சேர்த்துக்கொண்டவர்களில் அது 14 சதவீதமாகக் குறைந்ததையும் காட்டின. மறுவருகையைத் தடுப்பதில் கதிருக்கு உள்ள இடம் அதனால் உறுதியானது.

வந்த நோயைக் குறிபார்த்து அடிக்கும் முறை மூளையில் தொடங்கியது. ஸ்வீடனின் லார்ஸ் லெக்செல் 1951இல், மண்டையைத் திறக்காமல், பல திசைகளிலிருந்து மெல்லிய கதிர்களை ஒரே புள்ளியில் குவிக்கும் எண்ணத்தை முன்வைத்தார். அதிலிருந்து பிறந்த காமா நைஃப் கருவி 1960களின் இறுதியில் ஸ்டாக்ஹோமில் பயன்பாட்டுக்கு வந்தது. ஒவ்வொரு கதிரும் தனித்தனியே வலுவற்றது; வழியிலுள்ள திசுவை அதிகம் சேதப்படுத்தாது. எல்லாம் சந்திக்கும் இடத்தில் மட்டும் அழிக்கும் வலிமை சேர்கிறது. 1990களின் தொடக்கத்தில் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் லாக்ஸும் பிளோம்கிரனும் இதே உத்தியை நுரையீரல், கல்லீரல் போன்ற உறுப்புகளுக்கு விரித்தனர். ஸ்டான்ஃபோர்டின் ஜான் ஆட்லர் உருவாக்கிய சைபர்நைஃப், இயந்திரக் கை ஒன்றில் கதிர்க்கருவியைப் பொருத்தி, நோயாளியின் அசைவைப் பின்தொடரச் செய்தது.

இன்று இதைச் செய்வதற்குப் பல கருவிகள் உண்டு. பெரும்பாலான மருத்துவமனைகளில் இருப்பது லீனியர் ஆக்சிலரேட்டர். சிகிச்சைக்கு முன் நோயாளியைப் படுக்கவைத்து சிடி ஸ்கேன் எடுத்து, கட்டியின் எல்லையையும் அருகிலுள்ள இதயம், நுரையீரல், தண்டுவடம் ஆகியவற்றின் எல்லையையும் மருத்துவர் படத்தில் வரைகிறார். மருத்துவ இயற்பியலாளர் எந்தக் கோணத்தில் எவ்வளவு என்று கணக்கிடுகிறார். கருவியின் முகப்பிலுள்ள மெல்லிய டங்ஸ்டன் தகடுகள் நகர்ந்து, கதிரைக் கட்டியின் வடிவத்துக்கு வெட்டுகின்றன. ஒவ்வொரு நாளும் கதிர் பாய்வதற்கு முன் இன்னொரு படம் எடுத்து இடம் சரிபார்க்கப்படுகிறது. வழக்கமான முறையில் பதினைந்து முதல் இருபத்தைந்து நாள் பிரித்துக் கொடுப்பதை, குறிபார்த்த முறையில் ஒன்று முதல் ஐந்து முறைக்குள், ஒவ்வொரு முறையும் அதிக அளவில் கொடுத்துவிட முடிகிறது.

எங்கே பலன், எவ்வளவு பலன்

அதே மார்பகத்தில் சிறிய கட்டி திரும்பினால், ஏற்கெனவே கதிர் வாங்கிய மார்பகத்தை எடுத்துவிடுவதே நெடுங்கால வழக்கம். ஆர்டிஓஜி 1014 என்ற அமெரிக்க ஆய்வு இதற்கு மாற்று தேடியது. முதல் கதிர்வீச்சு முடிந்து ஓராண்டுக்கு மேலாகி, மூன்று சென்டிமீட்டருக்கும் சிறிய கட்டி திரும்பிய பெண்களுக்கு அதை மட்டும் எடுத்து, அந்தப் பகுதிக்கு மட்டும் நாளுக்கு இருமுறை சிறு அளவில், மொத்தம் 45 கிரே (கதிர் அளவின் அலகு) கதிர் கொடுத்தார்கள். கணக்கில் கொள்ளப்பட்ட 58 பேரில் ஐந்தாண்டுக்குப் பின் மார்பகத்தில் மறுபடி நோய் வந்தது 5 சதவீதத்தினருக்கே. பத்தில் ஒன்பது பேர் மார்பகத்தைக் காத்துக்கொண்டார்கள். சிறிய ஆய்வுதான், எல்லோருக்கும் பொருந்தாது. என்றாலும் இரண்டாம் முறை கதிரே கூடாது என்ற பழைய தடை தளர்ந்திருக்கிறது.

அறுவை செய்ய முடியாத மார்புச்சுவர் மறுவருகைக்குக் கதிரோடு சூடேற்றும் சிகிச்சையைச் சேர்ப்பது ஒரு வழி. ஐந்து ஆய்வுகளை இணைத்து 306 நோயாளிகளைப் பற்றி 1996இல் வந்த முடிவில், கதிர் மட்டும் பெற்றவர்களில் 41 சதவீதத்தினருக்கும் சூடும் சேர்ந்தவர்களில் 59 சதவீதத்தினருக்கும் கட்டி முழுதும் மறைந்தது.

அதிகம் விவாதிக்கப்படுவது, உடலில் ஒன்றிலிருந்து ஐந்து இடங்களில் மட்டும் பரவியிருக்கும் நிலை. பரவாத நோய்க்கும் எங்கும் பரவிய நோய்க்கும் இடையே இப்படி ஒரு இடைநிலை உண்டு, அங்கே ஒவ்வொரு கட்டியையும் தனித்தனியே அழித்தால் சிலர் குணமாகலாம் என்று 1995இல் ஹெல்மனும் வைக்செல்பாமும் எழுதினார்கள். அந்தக் கருத்து புற்றுநோய் மருத்துவத்தில் பெரும் எதிர்பார்ப்பை எழுப்பியது. 2019இல் வெளியான சாபர்-காமெட் ஆய்வு அதற்கு வலுச் சேர்த்தது. பலவகைப் புற்றுநோய்கள் கொண்ட 99 பேரில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களின் இடைநிலை வாழ்நாள் 28 மாதமாகவும், குறிபார்த்த கதிரும் பெற்றவர்களுடையது 41 மாதமாகவும் இருந்தது. ஆனால் அந்த 99 பேரில் மார்பகப் புற்றுநோயாளிகள் 18 பேரே. கதிர் பெற்ற 66 பேரில் மூவர் சிகிச்சையின் விளைவாகவே இறந்தார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது.

மார்பகப் புற்றுநோயாளிகளை மட்டும் கொண்டு நடந்த என்ஆர்ஜி-பிஆர்002 ஆய்வின் முடிவு 2022இல் அறிவிக்கப்பட்டபோது எதிர்பார்ப்பு தணிந்தது. 125 பெண்களில், மருந்து மட்டும் பெற்றவர்களுக்கு நோய் முன்னேறாமல் இருந்த இடைநிலைக் காலம் 23 மாதம். கதிரும் சேர்த்தவர்களுக்கு 19.5 மாதம். வாழ்நாளிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மருந்து வேலை செய்துகொண்டிருக்கும்போது சில இடங்களில் மட்டும் நோய் முன்னேறினால், அந்த இடங்களை மட்டும் கதிரால் அடிப்பது உதவுமா என்று பார்த்த கர்ப் ஆய்வும் 2024இல் இதையே சொன்னது. நுரையீரல் புற்றுநோயில் தெளிவான பலன் இருந்தது. 47 மார்பகப் புற்றுநோயாளிகளில் இல்லை. கண்ணுக்குத் தெரியும் கட்டிகளோடு தெரியாத செல்களும் உடலெங்கும் இருப்பது இதற்குக் காரணமாக இருக்கலாம். அவற்றை எட்ட மருந்தால்தான் முடியும். ஆகவே ‘இரண்டு மூன்று இடம்தானே, சுட்டுவிட்டால் தீர்ந்தது’ என்று எவரும் உறுதி கொடுத்தால், அந்த உறுதிக்கு இன்றைய சான்று துணை நிற்கவில்லை. தேர்ந்தெடுத்த சிலருக்கு அது பயன்படலாம். பல துறை மருத்துவர்கள் கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம் அது.

துன்பம் தணிப்பதில் கதிரின் மதிப்பு இத்தகைய விவாதத்துக்கு அப்பாற்பட்டது. எலும்பில் பரவி வலிக்கும்போது, 8 கிரே அளவில் ஒரே முறை கொடுக்கும் சாதாரணக் கதிரே ஏறத்தாழ பத்தில் ஆறு பேருக்கு வலியைக் குறைக்கிறது. தொலைவிலிருந்து பஸ் ஏறி வரும் நோயாளிக்கு ஒரே நாளில் சிகிச்சை முடிவது பெரிய விஷயம். முதுகெலும்பில் குறிபார்த்த முறை இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. 229 பேரிடம் செய்து 2021இல் வெளியான ஆய்வில், இரண்டு முறையில் 24 கிரே பெற்றவர்களில் 35 சதவீதத்தினருக்கு மூன்று மாதத்தில் வலி முற்றிலும் நீங்கியது. பழைய முறையில் அது 14 சதவீதம். முதுகில் பரவியிருக்கும் ஒருவருக்குத் திடீரென்று கால் தளர்ந்தாலோ சிறுநீர் அடைத்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். தண்டுவடம் நசுங்கி நடை நின்றுபோன பின் சிகிச்சை கொடுத்தால் கால் மீள்வது அரிது.

மூளையிலும் குறிபார்த்த கதிருக்கு உறுதியான இடம் உண்டு. ஹெர்-2 வகையும் டிரிபிள் நெகட்டிவ் வகையும் மூளைக்கு அதிகம் செல்பவை. முழு மூளைக்கும் கதிர் கொடுத்தால் நினைவாற்றல் மங்கக்கூடும். சில கட்டிகள் மட்டும் இருந்தால் அவற்றை மட்டும் குறிவைப்பது நினைவைக் காக்கிறது.

எல்லைகள்

ஏற்கெனவே கதிர் வாங்கிய திசு அதை மறப்பதில்லை. தோல் தடித்தல், விலா எலும்பு முறிதல், நுரையீரல் அழற்சி, கைக்குச் செல்லும் நரம்புகள் பாதிக்கப்படுதல் ஆகியவை இரண்டாம் முறையில் அதிகம் நிகழக்கூடும். இடது மார்புக்கு இதயமும் கவலை. இதயம் பெறும் சராசரிக் கதிர் ஒரு கிரே கூடும்போதெல்லாம் பெரிய இதய நோய் வாய்ப்பு 7.4 சதவீதம் ஏறுவதாக 2013இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. மூச்சை ஆழமாக இழுத்துப் பிடித்தபடி கதிர் வாங்கும் பயிற்சி, இதயத்தை மார்புச்சுவரிலிருந்து விலக்கி அந்த அளவைக் குறைக்கிறது. தெற்காசியாவின் முதல் புரோட்டான் சிகிச்சை மையம் 2019இல் சென்னையில் தொடங்கியது. குறிப்பிட்ட ஆழத்துக்கு அப்பால் கதிர் செல்லாத அந்த முறை, மறுகதிர்வீச்சு தேவைப்படும் சிலருக்கு உதவக்கூடும். ஆனால் செலவு மிகப் பெரிது.

இரண்டாம் முறை கதிரைத் திட்டமிட, முதல் முறை எந்த இடத்தில் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற விவரம் அவசியம். அந்தக் கோப்பைத் தொலைத்துவிட்டு வரும் நோயாளிகளுக்கு மருத்துவர்கள் கைகட்டப்பட்ட நிலையில் திட்டமிட வேண்டியிருக்கிறது. முதல் சிகிச்சை முடியும் நாளிலேயே கதிர் அளவுக் குறிப்பைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துவது, செலவில்லாத ஒரு பெரிய முன்னெச்சரிக்கை.

பிரார்த்தனையை அளக்க முயன்றவர்கள்

நம்பிக்கை நோயைக் குணமாக்குமா என்று நேராகச் சோதிக்கத் துணிந்தவர்கள் உண்டு. அதில் பெரிதும் பேசப்பட்ட சோதனை புற்றுநோயில் நடக்கவில்லை. இதய அறுவை சிகிச்சையில் நடந்தது. 2006இல் வெளியான அந்த அமெரிக்க ஆய்வில் 1,802 பேர் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். முன்பின் தெரியாதவர்கள் தமக்காகப் பிரார்த்திப்பார்களா என்று தெரியாத இரு குழுக்களில், பிரார்த்திக்கப்பட்ட குழுவில் 52 சதவீதத்தினருக்கும் பிரார்த்திக்கப்படாத குழுவில் 51 சதவீதத்தினருக்கும் சிக்கல்கள் வந்தன. நிச்சயமாகப் பிரார்த்திக்கப்படுகிறோம் என்று தெரிந்த மூன்றாம் குழுவில் அது 59 சதவீதம். கடவுளைச் சோதனைக்கூடத்தில் வைத்துப் பார்க்க முடியாது என்று நம்பிக்கையாளர்களே இந்த ஆய்வை மறுத்தார்கள். அவர்கள் மறுப்பில் நியாயம் இருக்கிறது. அதே நியாயம், இத்தனை நாள் ஜெபித்தால் கட்டி கரையும் என்று வாக்குக் கொடுப்பவர்களையும் கட்டுப்படுத்தும்.

மனத்தின் வலிமை ஆயுளை நீட்டும் என்ற கருத்தும் இதே பாதையில் சென்றது. பரவிய மார்பகப் புற்றுநோய் கொண்ட பெண்கள் வாரம்தோறும் கூடிப் பேசிய குழுக்கள் அவர்கள் வாழ்நாளை ஏறத்தாழ இரு மடங்காக்கியதாக 1989இல் டேவிட் ஸ்பீகல் எழுதியபோது உலகமே வியந்தது. 235 பெண்களிடம் அதைத் திரும்பச் செய்து பார்த்து 2001இல் வெளியிட்ட பமெலா குட்வின் குழுவினர் ஆயுள் நீளவில்லை என்று கண்டார்கள். ஆனால் மனத்துயரும் வலியும் குறைந்தன. இந்த இரண்டாம் பலனை நாம் சிறிதாக எண்ணிவிடக் கூடாது. மீதமுள்ள நாள்களை வலியும் பயமும் குறைந்து வாழ்வதுதான் நோயாளி ஒவ்வொரு இரவும் வேண்டிக்கொள்வது.

நம்பிக்கை எல்லா நேரமும் ஆறுதலே தருகிறது என்றும் சொல்ல முடியாது. கென்னத் பார்கமென்ட் என்ற உளவியலாளர் இரண்டு போக்குகளைப் பிரித்துக் காட்டினார். கடவுள் என்னோடு இருக்கிறார், இதைத் தாங்கும் பலம் தருவார் என்று சாய்ந்துகொள்வது ஒன்று. கடவுள் என்னைக் கைவிட்டார், தண்டிக்கிறார் என்று உழல்வது இன்னொன்று. மருத்துவமனையில் சேர்ந்த முதியவர்களை இரண்டாண்டு பின்தொடர்ந்து 2001இல் அவர் குழு வெளியிட்ட ஆய்வில், இரண்டாம் போக்கில் உழன்றவர்களிடம் இறப்பு அதிகமாக இருந்தது. கடவுள் தண்டித்துவிட்டார் என்று ஒரு நோயாளியிடம் சொல்பவர் அவர் உடலுக்கும் தீங்கு செய்யக்கூடும்.

சிகிச்சையை விட்டுவிட்டு வேறு வழி தேடுவதன் விலையும் அளக்கப்பட்டிருக்கிறது. பரவாத நிலையில் இருந்தும் மருத்துவ சிகிச்சையை மறுத்து மாற்று மருத்துவத்தை மட்டும் நாடியவர்களைப் பற்றி 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வில், அவர்களில் மார்பகப் புற்றுநோய் கொண்டவர்கள் இறக்கும் அபாயம் ஐந்து மடங்குக்கும் மேல் இருந்தது.

நம்பிக்கையை மருத்துவமனை எப்படி நடத்துகிறது என்பதும் முக்கியம். முற்றிய புற்றுநோய் கொண்ட 230 பேரிடம் ட்ரேசி பால்போனி குழு கேட்டபோது, 88 சதவீதத்தினர் மதம் தங்களுக்கு ஓரளவேனும் முக்கியம் என்றார்கள். 72 சதவீதத்தினர் தங்கள் ஆன்மிகத் தேவைக்கு மருத்துவ அமைப்பிடமிருந்து சிறிதளவே ஆதரவு கிடைத்தது அல்லது ஒன்றுமே கிடைக்கவில்லை என்றார்கள். 345 பேரைப் பற்றி 2009இல் வந்த மற்றோர் ஆய்வில், மத நம்பிக்கையில் அதிகம் சாய்ந்தவர்கள் கடைசி வாரத்தில் வென்டிலேட்டர் போன்ற தீவிர சிகிச்சைக்குள் அதிகம் சென்றது தெரிந்தது. அற்புதம் நடக்கும் என்ற காத்திருப்பு அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். மருத்துவக் குழுவே அந்த நம்பிக்கையை மதித்துப் பேசிய இடங்களில் நிலைமை மாறியது; அத்தகைய நோயாளிகள் வலிதணிப்புப் பராமரிப்பை அதிகம் ஏற்றார்கள் என்று பால்போனி குழுவின் அடுத்த ஆய்வு காட்டியது. நம்பிக்கையைப் பற்றி மருத்துவர் பேசாமல் விட்டால், அந்த வெற்றிடத்தை வேறு யாரோ நிரப்புகிறார்கள்.

நம் ஊரில்

தமிழ்நாட்டில் புற்றுநோய் மருத்துவம் வேரூன்றியதே தனிப்பட்ட துயரமும் சேவை மனமும் சேர்ந்த இடத்தில். தங்கை 1923இல் புற்றுநோயால் இறந்ததை மறக்காத டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை பிறந்தது. அதில் வாழ்நாளைச் செலவிட்ட டாக்டர் சாந்தா, ஏழை நோயாளிக்கும் அதே தரம் என்ற கொள்கையை விடாமல் காத்தார். வேலூரில் ஐடா ஸ்கடர் 1900இல் தொடங்கிய கிறிஸ்தவ மருத்துவமனையில் ஜெப ஆலயமும் ஆய்வகமும் ஒரே நிறுவனத்துக்குள் வளர்ந்தன. வைத்தீஸ்வரன் கோயிலில் சிவன் மருத்துவராகவே வணங்கப்படுகிறார். வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் மதம் பார்க்காமல் நோயாளிகள் செல்கிறார்கள். மருத்துவமும் வழிபாடும் ஒன்றை ஒன்று விரட்ட வேண்டிய அவசியம் நம் மரபில் இருந்ததில்லை.

கதிர்வீச்சு அறையின் வாசலில் அவை தினமும் சந்திக்கின்றன. மார்புக்குக் கதிர் கொடுக்கும்போது அந்த இடத்தில் உலோகம் இருக்கக் கூடாது. தாலியையும் தாயத்தையும் சிலுவைச் சங்கிலியையும் கழற்றச் சொல்வார்கள். நோய் திரும்பிய பயத்தில் இருக்கும் பெண்ணுக்குத் தாலியைக் கழற்றுவது அபசகுனமாகப் படும். மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டைக் கோத்துக்கொண்டு, அதைக் கதிர் படும் இடத்திலிருந்து ஒதுக்கிவைக்கலாமா என்று கேட்டால் பெரும்பாலும் வழி கிடைக்கும். கேட்பதற்கு ஊழியர் இடம் கொடுக்க வேண்டும். கதிர் படும் தோலில் எண்ணெய், சந்தனம், களிம்பு எதையும் மருத்துவரைக் கேட்காமல் பூசக் கூடாது. விபூதியை நெற்றியில் இட்டுக்கொள்வதில் தடையில்லை. வெளியிலிருந்து செலுத்தும் கதிர் உடலில் தங்குவதில்லை. சிகிச்சை முடித்து வீட்டுக்கு வந்த பாட்டி பேரக்குழந்தையைத் தயங்காமல் மடியில் வைத்துக்கொள்ளலாம்.

விரதத்திலும் இதே நிதானம் வேண்டும். சிகிச்சைக் காலத்தில் உடல் எடை குறைவது ஆபத்து. நோயாளிக்கு நோன்பிலிருந்து இஸ்லாம் விலக்கு அளிக்கிறது. நேர்த்திக்கடனைக் குணமான பின் செலுத்துகிறேன் என்று வேண்டிக்கொள்வது தமிழரிடம் நெடுநாள் வழக்கம். மூலிகை மருந்தோ லேகியமோ சாப்பிடுபவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. கீமோ மாத்திரையோடு அது மோதலாம், கல்லீரலைக் கெடுக்கலாம்.

நாம் மாற்றிக்கொள்ள வேண்டியவை இரண்டு. ஒன்று, முன்வினை என்ற பேச்சு. ‘போன ஜென்மத்துல என்ன பாவம் பண்ணினேனோ’ என்று நோயாளி அழும்போது, ஆமாம் என்று தலையாட்டும் உறவினர் அவரைத் தனியே விடுகிறார். அவ்வேளையில் கடவுள் உன்னோடு இருக்கிறார் என்று சொல்லும் குருக்களோ போதகரோ இமாமோ உண்மையான மருத்துவ உதவி செய்கிறார்கள். மற்றொன்று, மறைத்தல். அம்மாவுக்குத் தெரியக் கூடாது, தாங்கமாட்டார் என்று மகனும் மருமகளும் மருத்துவரிடம் கண்ணைக் காட்டுவதை அன்பு என்று நினைக்கிறோம். ஆனால் அம்மா ஏற்கெனவே ஊகித்திருப்பார். உண்மை தெரியாதவரால் தன் சிகிச்சையின் நோக்கத்தைக் கேட்க முடியாது; தன் சொத்தை, தன் விருப்பத்தை, தன் பிரார்த்தனையை ஒழுங்குபடுத்திக்கொள்ளவும் முடியாது.

செய்ய வேண்டியவை

நவீன வலிதணிப்பு மருத்துவத்தைத் தோற்றுவித்த சிசிலி சாண்டர்ஸ், நோயாளியின் வலியில் உடலும் மனமும் குடும்பமும் ஆன்மாவும் ஒருங்கே அடங்கியிருப்பதாகக் கண்டார். 1967இல் லண்டனில் அவர் தொடங்கிய நிலையம் அந்தப் பார்வையில்தான் எழுந்தது. தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வலிதணிப்புப் பராமரிப்பை வீட்டுக்கே கொண்டுவருகிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை செலவைத் தாங்குகிறது. இவற்றைப் பற்றிய தகவல், நோய் திரும்பிய அன்றே நோயாளிக்குச் சொல்லப்பட வேண்டும். வலிதணிப்புக் குழுவைக் கடைசி வாரத்தில் அழைக்காமல் முதல் வாரத்திலேயே சேர்ப்பது ஒவ்வொரு புற்றுநோய்ப் பிரிவின் வழக்கமாக வேண்டும்.

கதிர்வீச்சு மருத்துவர், உங்களுக்குத் தெம்பு எங்கிருந்து வருகிறது என்ற ஒரு கேள்வியைக் கேட்கப் பழக வேண்டும். பதில் முருகனாக இருந்தாலும் இயேசுவாக இருந்தாலும் பேரக்குழந்தையாக இருந்தாலும், சிகிச்சைத் திட்டத்தில் அதற்கு இடம் உண்டு. வழிபாட்டுத் தலைவர்கள், மருந்தை நிறுத்தச் சொல்லும் சாட்சியங்களுக்கு மேடை தரக் கூடாது. குடும்பத்தார் உண்மையைப் பேசத் துணிய வேண்டும்.

குறிபார்த்த கதிர் சிலரின் மார்பகத்தைக் காக்கும், பலரின் வலியைத் தணிக்கும், சிலரின் நினைவையும் நடையையும் காப்பாற்றும். எல்லாக் கட்டியையும் அது தீர்க்காது. நம்பிக்கை, தீராத நிலையிலும் ஒரு பெண்ணைத் தனியாக விடாமல் வைத்திருக்கும்; கட்டியின் அளவை மாற்றுவதாக அது வாக்குத் தரக் கூடாது. இந்த வரம்பைத் தெளிவாகச் சொல்லும் மருத்துவரும், இதே வரம்புக்குள் நின்று அவருக்காகப் பிரார்த்திக்கும் சமூகமும் கிடைத்தால், நோய் திரும்பிய பெண்ணால் பொய்யான ஆறுதல் எதுவும் இல்லாமலே தைரியமாக வாழ முடியும். அவருக்கு அந்த இரண்டையும் உறுதி செய்வது நம் கடமை.